தியாவ் ஆத்துக்கு ரெண்டு கரையும் ஒரே சனம்தான்: மிசோரம், சின் மலை பத்தி கேள்வி பதில்

மிசோரம்-பர்மா பார்டர் பத்தி தெரிஞ்சத சொல்றேன், கேளுங்கன்னு சொன்னதும் இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. நான் மிசோரத்துல சம்பாய்ங்கிற ஊர்ல 7 வருஷம் வேலை பாத்தவன், 2022ல திரும்பி வந்தேன். அங்க இருந்து பர்மா பார்டர் 27 கிலோமீட்டர்தான், அந்தப் பக்கம் தியாவ் ஆறுதான் எல்லை. அந்த மண்ணு மேல இருக்கிற பிரியத்துல அப்போ இருந்தே தேடித் தேடி படிச்சுட்டு இருக்கேன். ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

கோவை வாசகி: மிசோக்காரங்க, சின், குக்கின்னு நியூஸ்ல மாத்தி மாத்தி சொல்றாங்க. எல்லாம் ஒரே ஆளுங்களா, வேற வேறயா?

ரொம்ப கிட்டத்து சொந்தம் மேடம். சின்ங்கிறது பர்மாக்காரங்க வெச்ச பேரு, குக்கிங்கிறது வங்காளப் பக்கத்துல இருந்து வந்த பேரு, லுஷாய்ங்கிறது லுசெய்னு ஒரு குலத்தோட பேர வெள்ளைக்காரன் தப்பா எழுதி வெச்சது. அவங்க தங்களுக்குச் சொல்லிக்கிற பேர்கள்ல முக்கியமானது 'ஸோ'. 'மி'ன்னா ஆளு, மிசோன்னா மேட்டு நிலத்து ஆளு. இப்போ மிசோரமா இருக்கிற மலைக்கு இருந்த லுஷாய் ஹில்ஸ்ங்கிற பேர 1954ல மிசோ மாவட்டம்னு மாத்தினதே இந்தக் காரணத்துக்குத்தான். எல்லாருமே சின்லுங்னு ஒரு குகையில இருந்து, ஒரு பாறைக்கு அடியில இருந்து வெளிய வந்தவங்கன்னு ஒரு பழங்கதை இருக்கு, அது ரெண்டு பக்கமும் சொல்றாங்க.

பாஷை ஒரே மாதிரி இருக்காது, ஆனா உள்ள போனா வேர் தெரியும். தண்ணிக்கு மிசோல 'துய்', பர்மா பக்கம் தித்திம் ஊர் பாஷையிலயும் 'துய்', ஹாக்கா பக்கம் 'தி'. மிசோரம் மேப்ப எடுத்துப் பாருங்க, துய்ரியால், துய்வாய், துய்புய்னு பாதி ஆத்து பேர்ல தண்ணி ஓடிட்டு இருக்கும். தெற்கு மிசோரத்துல லாங்த்லாய் பக்கம் இருக்கிற லாய் மக்களும் பர்மாவுல ஹாக்கா பக்கம் இருக்கிறவங்களும் ஒரே கூட்டம்தான், நடுவுல கோடு மட்டும் வந்துருச்சு.

சிவகாசி பையன்: அண்ணே அப்போ யாரு அந்த கோட்ட போட்டது? ஒரே ஆளுங்கன்னா ஒரே நாட்டுல விட்டிருக்கலாமே?

தம்பி, இந்த கேள்விக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி.

19ஆம் நூத்தாண்டுல அஸ்ஸாம்ல கச்சார் பக்கம் வெள்ளைக்காரன் தேயிலைத் தோட்டம் போட்டுக்கிட்டே மலைய நோக்கி ஏறி வந்தான், அதெல்லாம் மலைத் தலைவருங்க வேட்டையாடுற காடு. அவங்க இறங்கி வந்து தோட்டத்த அடிச்சாங்க. 1871 ஜனவரியில அலெக்சாண்ட்ராபூர் தோட்டத்துல ஒரு துரைய கொன்னுட்டு அவரோட பொண்ணு, மேரி வின்செஸ்டர்னு சின்னக் குழந்தை, அத தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் புள்ளைய மீட்கணும்னு ரெண்டு பக்கமும் பட்டாளம் ஏறுச்சு, 1872ல திரும்பக் கிடைச்சா. அவளுக்கு மலைக்காரங்க வெச்ச பேரு ஸோலுதி. இன்னைக்கும் மிசோரத்துல அந்தப் பேர தெரியாதவங்க கிடையாது, கொடுமைப்படுத்தல, தன் புள்ள மாதிரி வெச்சிருந்தாங்கன்னு பாட்டிங்க பெருமையா சொல்வாங்க.

அப்புறம் 1885ல மேல்பர்மாவையும் புடிச்சாச்சு. இப்போ வங்காளத்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல இந்த மலை மட்டும் புடிபடாம நின்னுச்சு. 1889-90ல மூணு பக்கமும் படை போயி புடிச்சாங்க, சிட்டகாங் பக்கம் இருந்து ஒண்ணு, அஸ்ஸாம் பக்கம் ஒண்ணு, பர்மா பக்கம் ஒண்ணு. யார் எந்தப் பக்கமா வந்தானோ அவன் ஆபீஸ் கீழ அந்த மலை போச்சு. இவ்ளோதான் தம்பி கோடு. 1892 ஜனவரியில கல்கத்தாவுல இதுக்குன்னே கூடிப் பேசி, இந்த சின்-லுஷாய் மலை மொத்தத்தையும் சீக்கிரம் ஒரே நிர்வாகத்துக்குக் கீழ கொண்டு வரணும்னு பெரும்பாலானவங்க எழுதியும் கொடுத்தாங்க. வடக்கு லுஷாயும் தெற்கு லுஷாயும் 1898ல அஸ்ஸாமுக்குக் கீழ ஒண்ணாச்சு, ஆனா சின் மலை ரங்கூன்கிட்டயே தங்கிருச்சு. அப்போ பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுல ஒரு மாகாணம்தானே, அதனால மலைக்காரனுக்கு வித்தியாசம் தெரியல. 1937ல பர்மாவ தனியா பிரிச்சாங்க, அன்னைக்குத்தான் மாவட்ட எல்லை நாட்டு எல்லையா மாறுச்சு. மலை மேல இருந்தவன யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் அது.

மண்ணச்சநல்லூர் டீச்சர்: பசங்களுக்கு புவியியல் எடுக்கிறேன் சார். அந்த மலையமைப்பு எப்படி, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரியா?

இல்லைங்க டீச்சர், நம்மளோடது கெட்டிப் பாறை, ரொம்ப பழசு. அங்க சேல்ங்கிற களிக்கல்லு, மணற்கல்னு இளசான, பொல பொலன்னு உதிர்ற கல்லு, அதனால மழைக்காலத்துல ரோடு சரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஜேசிபி இல்லாம ஊர் ஓடாது. மலையெல்லாம் வடக்கு தெற்கா வரிசை வரிசையா, உழவு சால் போட்ட மாதிரி படுத்திருக்கும். நடுப்பள்ளத்துல ஆறு. கிழக்கு மேற்கா போகணும்னா ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகணும். தலைநகர் ஐஸ்வால்ல இருந்து சம்பாய் 190 கிலோமீட்டர் சொச்சம், நான் போன புதுசுல அதுக்கு ஒரு முழு நாள் ஆகும்.

ஊரெல்லாம் மலை உச்சியில இருக்கும், தண்ணி கீழ இருக்கும். அந்தக் காலத்துல எதிரி வந்தா தெரியணும்னு உச்சியில கட்டினது. சம்பாய் கொஞ்சம் விதிவிலக்கு, கீழ பரந்து கிடக்கிற சமவெளி வயல், நெல்லு விளையுறப்போ பாத்தா தஞ்சாவூர தூக்கி மலைக்கு நடுவுல வெச்ச மாதிரி இருக்கும். மிசோரத்துல உசரமான சிகரம் போங்புய், 2,157 மீட்டர். பர்மா பக்கம் சின் மாநிலத்துல நாட் மா தாங் சிகரம் 3,053 மீட்டர். பரப்பளவுல சின் மாநிலம் 36,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, மிசோரம் 21,000. ஆனா ஜனத்தொகையில 2011 கணக்குப்படி மிசோரம் கிட்டத்தட்ட 11 லட்சம், 2014 கணக்குப்படி சின் மாநிலம் 5 லட்சத்துக்கும் கம்மி. ரோடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் வந்துச்சு, எந்தப் பக்கம் வரலைன்னு இதுலயே பசங்களுக்கு சொல்லிரலாம்.

விவசாயி மகன், திருவாரூர்: மூங்கில் பூத்தா பஞ்சம் வரும்னு சொல்றது நிஜமா?

நிஜம் ஐயா, நூறு சதவீதம் நிஜம். அங்க 'மௌதக்'னு ஒரு மூங்கில், மலை முழுக்க அதான். சுமார் 48 வருஷத்துக்கு ஒருதடவை ஒட்டுமொத்தமா பூத்து, காய்ச்சு, செத்துப்போகும். 1911, 1959, 2007. காய் சின்ன விதை இல்ல, பேரிக்காய் சைஸ்ல சதையோட இருக்கும். அத தின்னுட்டு எலி கணக்கில்லாம பெருகும், காய் தீர்ந்ததும் அம்புட்டு எலியும் ராத்திரியோட ராத்திரியா நெல்லு வயல்ல இறங்கும், காலையில போய்ப் பாத்தா தாள்தான் நிக்கும். 'மௌதாம்'னு பேரு, மூங்கில் சாவுன்னு அர்த்தம். 2007ல எலி வாலுக்கு 2 ரூபா கொடுத்து அரசாங்கமே வாங்குச்சு.

1959ல வரப்போகுதுன்னு பெரியவங்க முன்கூட்டியே சொன்னாங்க, அப்போ இந்த மலைய ஆண்ட அஸ்ஸாம் அரசாங்கம் மூடநம்பிக்கைன்னு ஒதுக்கிருச்சு. பஞ்சத்துல அரிசி சுமந்து கொடுக்க ஆரம்பிச்ச பசங்களோட சங்கம்தான் 1961ல லால்தெங்கா தலைமையில மிசோ தேசிய முன்னணின்னு கட்சி ஆச்சு, 1966 மார்ச் 1ல தனி நாடுன்னு அறிவிச்சுச்சு. மார்ச் 5ல ஐஸ்வால் மேல நம்ம விமானப்படையே குண்டு போட்டுச்சு. மறுவருஷத்துல இருந்து ஊர் ஊரா காலி பண்ணி, ரோட்டோரம் வேலிக்குள்ள கொண்டு வந்து வெச்சாங்க, பழைய வீட்ட எரிச்சாங்க. 1986 ஜூன் 30ல ஒப்பந்தம், 1987 பிப்ரவரி 20ல தனி மாநிலம். அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் பெருசா துப்பாக்கிச் சத்தம் இல்லாம இருக்குன்னா அது அந்த மக்களோட பெருந்தன்மை.

இதுல ஒண்ணு கவனிங்க. பர்மா பக்கம் சின் மக்களுக்கும் பிப்ரவரி 20தான் தேசிய நாள். 1948ல அன்னைக்குத்தான் பலாம் ஊர்ல கூடி, பரம்பரைத் தலைவர் ஆட்சி வேணாம், தேர்ந்தெடுத்த ஆட்சி வேணும்னு முடிவு பண்ணாங்க. ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தேதியில கொண்டாட்டம்.

சென்னை நர்ஸ்: 2021க்கு அப்புறம் பர்மால இருந்து அகதிங்க வந்தாங்களே, நேர்ல பாத்தீங்களா அண்ணா?

பாத்தேன்மா. பிப்ரவரியில ராணுவம் ஆட்சிய புடிச்சுச்சு, மார்ச்ல இருந்து ஆத்தத் தாண்டி வர ஆரம்பிச்சாங்க. தியாவ் பெரிய ஆறு கிடையாது, கோடையில முழங்கால் தண்ணிதான். அக்டோபர்ல சின் மாநிலத்து தந்தலாங் ஊர்ல 160 வீட்டுக்கும் மேல எரிஞ்சுச்சு, அதுக்கப்புறம் கூட்டம் இன்னும் அதிகமாச்சு. மொத்தத்துல 30,000 பேருக்கும் மேல மிசோரத்துல தங்கினாங்க.

நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவ 'பி'ன்னு கூப்பிடுவேன், அங்க அம்மணிங்களுக்கு மரியாதைச் சொல்லு அதான். அவங்க கீழ் போர்ஷன்ல பலாம் பக்கத்துல இருந்து ஒரு குடும்பத்த வெச்சாங்க. வந்தப்போ அவங்ககிட்ட இருந்தது ஒரு தையல் மிஷின் தலை, ஸ்டாண்ட் இல்லாம, போர்வையில சுத்தி முதுகுல கட்டி எடுத்துட்டு வந்திருந்தாங்க. மறுநாளே பக்கத்து வீட்டு டேபிள்ல அத வெச்சு கையால சுத்தி துணி தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. வாடகை வாங்கலையான்னு கேட்டேன். '1966ல எங்கம்மா என்னை வயித்துல வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் ஓடினா, அப்போ யாரு வாடகை கேட்டா?'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்க.

அங்க ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசிய தனியா எடுத்து வெச்சு சர்ச்சுக்கு கொடுப்பாங்க, 'புஹ்பாய் தாம்'னு பேரு, நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். நம்ம ஊர் பிடியரிசிதான். எடுத்து வெச்சுக் கொடுத்தே பழகின கை, அகதி வந்தப்போ யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கல. டெல்லியில இருந்து யாரையும் உள்ள விடாதீங்கன்னு உத்தரவு வந்தப்போ அப்போ முதலமைச்சரா இருந்த சோரம்தங்கா, இவங்க எங்க ரத்தம், எங்களால கண்ண மூடிக்க முடியாதுன்ற கருத்துல பிரதமருக்கு கடிதமே எழுதினாரு. அவரும் அந்தக் காலத்துல மிசோ தேசிய முன்னணியில சேந்து காட்டுல ஒளிஞ்சு திரிஞ்சவர்தான்.

பார்டர் ஆர்வலர்: வேலி போடப் போறாங்கன்னு படிச்சேன். பாஸ் இல்லாம போய் வரலாம்னு இருந்துச்சே?

இருந்துச்சு சார். ரெண்டு பக்கமும் 16 கிலோமீட்டர் வரைக்கும் மலைவாசிங்க விசா இல்லாம போய் வரலாம். 2024 பிப்ரவரியில மத்திய அரசு அத எடுக்கப் போறோம்னு அறிவிச்சுச்சு, மிசோரம் சட்டசபை எதிர்த்து தீர்மானம் போட்டுச்சு. அப்புறம் வருஷக் கடைசியில 10 கிலோமீட்டருன்னு குறைச்சு, பாஸ் கட்டாயம்னு மாத்தினாங்க. போதைப்பொருள், துப்பாக்கி கடத்தல் நடக்குதுங்கிறது உண்மைதான், நான் மறைக்கல. ஆனா மொத்த எல்லை 1,643 கிலோமீட்டர், மிசோரத்துக்கு மட்டும் 510, அத்தனையும் சரியுற மலை. அதுல கல்யாணத்துக்கும் சாவுக்கும் போறவங்கதான் வேலியில மாட்டுவாங்கன்னு நான் நினைக்கிறேன்.

பர்மா பேரன், வியாசர்பாடி: எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து வந்தவர். மோரே ஊர்ல தமிழ்க்காரங்க இருக்காங்களாமே, அதும் இந்த மலையா?

அது மணிப்பூர்ல, இந்த மலைத்தொடரோட வடக்கு ஓரத்துல இருக்கு. 1962ல ராணுவத் தளபதி நெ வின் ஆட்சிய புடிச்சு, கடைகண்ணியெல்லாம் அரசுடைமை ஆக்கினப்போ உங்க தாத்தா மாதிரி லட்சக்கணக்குல திரும்பினாங்கல்ல, அதுல கொஞ்சம் பேருக்கு இங்க பொழப்பு ஒட்டல, நடந்தே பர்மாவுக்கு திரும்பிரலாம்னு போனாங்க. எல்லையில விடல, மோரேயிலயே தங்கிட்டாங்க. அங்காள பரமேஸ்வரிக்கு கோயிலும் கட்டிட்டாங்க. 2023 மே மாச கலவரத்துல அந்த ஊரும் எரிஞ்சுச்சு. மோரேக்கு எதிர்ல பர்மாவுல தமு, அங்க இருந்து தெற்க போனா கலேம்யோ, அங்கயிருந்து மேற்க ஏறினா தித்திம், சின் மலை. உங்க தாத்தா அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு வளர்ந்திருப்பாரு, மலைமேல அது கிடையாது, மக்காச்சோளத்தையும் கறியையும் சேத்து கஞ்சியா காய்ச்சுவாங்க, சபுத்தின்னு பேரு, குளிருக்கு அமிர்தம்.

ஊர்சுத்தி: போகணும்னா எப்படி போறது? ரீ தில் ஏரி பாக்கணும்னு ஆசை.

மிசோரத்துக்குள்ள போக இன்னர் லைன் பர்மிட் வாங்கணும், ஆன்லைன்லயே கிடைக்குது. ப்ளைட்னா லெங்புய் ஏர்போர்ட். 2025 செப்டம்பர்ல இருந்து ஐஸ்வால் பக்கத்துல சாய்ராங் வரைக்கும் ரயிலே வந்துருச்சு, 51 கிலோமீட்டர் லைன், நூறு மீட்டருக்கும் மேல தூண் நிக்கிற பாலத்துல போகுது. ஞாயித்துக்கிழமை கடை திறக்காது, சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கங்க. மார்ச்ல போனா சப்சார் குத் திருவிழா, விவசாயத்துக்காக காட்ட வெட்டி காயப்போட்டு எரிக்கிறதுக்கு முன்னாடி வர்ற ஓய்வுல கொண்டாடுறது, மூங்கில் டான்ஸ் பாக்கலாம்.

மிசோரத்தோட பெரிய ஏரி ரீ தில், ஆனா அது பர்மாவுல இருக்குன்னு அங்க சொல்வாங்க. செத்தவங்க உசுரு அந்த ஏரி வழியாத்தான் போகும்னு பழைய நம்பிக்கை, ஊரே கிறிஸ்தவமான பிறகும் அந்த ஏரி மேல இருக்கிற பயபக்தி போகல. பார்டர் ஊரான ஸோகாவ்தார்ல பாலத்தத் தாண்டினா கொஞ்ச தூரம்தான், நான் 2017ல ஐடி கார்ட கொடுத்துட்டு போய் பாத்துட்டு சாயங்காலம் திரும்பினேன், இதய வடிவத்துல அசையாம கிடக்கும். இப்போ எதிர்க்கரை ரிக்காவ்தார்ல 2023 நவம்பர்ல சண்டை நடந்து ராணுவம் போயிருச்சு, நிலைமை நாளுக்கு நாள் மாறுது, அதனால சம்பாய்ல விசாரிக்காம பாலம் பக்கம் போயிராதீங்க. பாலம் வரைக்கும் போக முடிஞ்சா போன்ல டைம் பாத்துக்கங்க, பர்மா டவர் புடிச்சா ஒரு மணி நேரம் கூடுதலா காட்டும், நான் அதுல ஒரு தடவை கடைசி ஷேர் சுமோ போயிருச்சுன்னு பதறி ஓடியிருக்கேன். சுமோ அங்கேயேதான் நின்னுச்சு, டிரைவர் டீ குடிச்சுட்டு இருந்தாரு.