சாவியை எடுத்தாலும் நிற்காத ப்ளோவர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆட்டோமேட்டிக் (ஆட்டோ) ஏசி உள்ள கார். சாவியை எடுத்த பிறகும் ப்ளோவர், அதாவது ஏசி காற்றை உள்ளே தள்ளும் விசிறி, முழு வேகத்தில் ஓடுகிறது. காலையில் பேட்டரி காலி. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில்: முதல் வேலையாக ப்ளோவர் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள் தம்பி. முழு வேகத்தில் அது 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 45 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது.

ஆட்டோ ஏசியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு மாட்யூல். அதற்குள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் நீங்கள் ஆஃப் செய்தாலும் மூடாத குழாய் மாதிரி கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். காற்றில் சூடு ஆற வேண்டும் என்பதால் மாட்யூலை மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, மாட்யூலுக்கு வரும் மெல்லிய சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் வையுங்கள். ஆஃபில் எவ்வளவு, முதல் வேகத்தில் எவ்வளவு, கடைசி வேகத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு மாறுகிறது, மோட்டார் மட்டும் மாறவில்லை என்றால் மாட்யூல்தான் போயிருக்கிறது. அளவே மாறவில்லை என்றால் ஏசி பட்டன் பேனலையும் ஒயரையும் பாருங்கள்.

கேள்வி: புது மாட்யூல் போட்டு மூன்றே மாதம். மறுபடியும் அதே கதை. பொருள் சரியில்லையா சார்?

பதில்: மோட்டாரைப் பார்த்தீர்களா? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு வண்டியில் நான் கழற்றியபோது விசிறிச் சக்கரத்தைச் சுற்றி ஈரச் சருகு அப்பிக்கிடந்தது. கனெக்டரில் ஒரு பின்னில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளை அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கியதுதான் காரணம். சக்கரம் இறுகினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டை மாட்யூல்தான் தாங்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடங்கலில்லாமல் சுற்ற வேண்டும். ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் பார்த்துவிடுங்கள். துளையைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மாட்யூலை வாங்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது சாதா ஏசி, நாப் திருப்புவது. நான்கு வேகமும் வேலை செய்கிறது, ஆஃப் மட்டும் ஆகவில்லை. ரெசிஸ்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்ற வேண்டாம். ரெசிஸ்டர் என்பது கரண்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் பாகம். அது போனால் குறைந்த வேகங்கள் போய்க் கடைசி வேகம் மட்டும் மிஞ்சும். ஆஃபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இக்னிஷனை அணைத்தால் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் ப்ளோவருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்சான ரிலேயைச் சந்தேகிக்கலாம். அதைக் கழற்றி 30, 87 என்று எண் போட்ட கால்களுக்கு நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள்; சாதாரண நாலு கால் ரிலேயில் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே கான்டாக்ட் ஒட்டிவிட்டது.

இக்னிஷனோடு நிற்கிறது என்றால் நாப் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஓட்டம் நின்றால் சுவிட்ச்தான் பழுது. நிற்காவிட்டால் ஒயரைத் தேட வேண்டும். பல வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது மோட்டாருக்கும் வண்டி பாடிக்கும் நடுவில் இருக்கும். நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொட்டாலே மோட்டார் ஓடும்.

கேள்வி: ரிலேயைத் தட்டினால் நின்றுவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. கான்டாக்ட் கருகியிருக்கிறது, மறுபடி ஒட்டும். இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடி, தானாகவே நிற்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: சில புது வண்டிகளில் காற்றைக் குளிரவைக்கும் ஏசி காயிலின் ஈரத்தைக் காயவைக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் வண்டியில் பானெட்டுக்குள் விசிறி ஓடுகிறது. அதுவும் இதுதானா?

பதில்: இல்லை, அது ரேடியேட்டர் ஃபேன். சூடான இன்ஜினை அணைத்ததும் சில நிமிடம் ஓடுவது சகஜம். இன்ஜின் ஆறியிருக்கும்போது சாவி போட்டதுமே ஏசி இல்லாமல் ஓடினால் இன்ஜின் குளிர்நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். சென்சார் தகவல் வராவிட்டால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும்.

கேள்வி: ப்ளோவர் ஒயரில் தனியாக ஒரு சின்ன சுவிட்ச் போட்டுக்கொண்டால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 20 ஆம்பியரை அந்தச் சுவிட்ச் தாங்காது, டேஷ்போர்டுக்குள்ளேயே உருகும். சரிசெய்யும் வரை ஃபியூஸ் வெளியிலேயே இருக்கட்டும்.