கடைக் கணக்கை கிளவுடில் போடலாமா? நெல்லை வியாபாரிகளின் கேள்விகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டையில் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் சர்வர் (எல்லோருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் பொதுக் கம்ப்யூட்டர்), நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் கிளவுட் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பேசியது பத்து நிமிஷம்தான், கேள்விகள் டீ ஆறிப்போகும் வரை வந்தன. சீட்டில் எழுதிக் கொடுத்தவை, வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கிளவுட் கிளவுட் என்கிறார்கள். அப்படிப் போட்டால் டாலி சாஃப்ட்வேரில் இருக்கும் என் கணக்கு எங்கேதான் இருக்கும்? (டவுன் ரதவீதி, ஜவுளிக்கடை)

ஆகாயத்தில் இல்லை அண்ணாச்சி. தீபாவளிக்குச் சரக்கு கூடுதலாக இறங்கினால் பக்கத்துத் தெருவில் குடோன் பிடிக்கிறீர்கள், சீசன் முடிந்ததும் காலி செய்கிறீர்கள் இல்லையா? அதே கதைதான். பெரிய நிறுவனங்கள் கட்டடம் கட்டி, ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்களை அடுக்கி, ஜெனரேட்டரும் ஏசியும் போட்டு வாடகைக்கு விடுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-லும், அமேசான் 2016-லும், கூகுள் 2017-லும் இந்தியாவில் கடை திறந்தன. மூன்றுக்கும் மும்பையில் இடம் உண்டு. மைக்ரோசாஃப்டுக்கு நம் சென்னையிலேயே இருக்கிறது. எந்த ஊரில் வைப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

எனக்குச் சொந்த சர்வர் இருக்கிறது. தினமும் ராத்திரி பேக்கப்பும் எடுக்கிறோம். அப்புறம் எதற்கு இந்தச் செலவு? (ஜங்ஷன் பக்கம், ஹார்டுவேர் கடை)

பேக்கப், அதாவது கணக்கின் மறுபிரதி, எங்கே இருக்கிறது என்பதுதான் என் எதிர்க்கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபின் ஒரு கடைக்குப் போனேன். மேசைக்கு அடியில் சர்வர். பக்கவாட்டுத் தகடைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே வண்டல் அப்பிக் கிடந்தது, ஒரு சிறு நத்தை வேறு. “பேக்கப் இருக்கு சார்” என்று முதலாளி தெம்பாகத்தான் சொன்னார். எங்கே என்றேன். அதே மேசையின் கீழ் டிராயரை இழுத்தார். ஊறி உப்பியிருந்த மரம் லேசில் வரவில்லை. வந்தபோது உள்ளே ஹார்ட் டிஸ்க், பில் புத்தகம், சாமி படம் எல்லாம் ஒரே சேற்றுக்குள். மூன்று வருஷக் கணக்கை ஆடிட்டரிடம் இருந்த பிரிண்ட் அவுட்டைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்றினார்கள்.

பிரதி மூன்று, வைக்கும் சாதனம் இரண்டு வகை, அதில் ஒன்றாவது வேறு ஊரில். எங்கள் தொழிலில் பழைய கணக்கு இது. அந்த ‘வேறு ஊர்’ பிரதிக்குக் கிளவுட் மாதிரி மலிவான வழி வேறில்லை. பாதிப் பேர் சர்வரையே கிளவுடுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, பேக்கப் போனால் போதும் என்பது என் கட்சி. விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கிளவுடில் போட்டுவிட்டால் அவர்களே பேக்கப் எடுத்துக்கொள்வார்கள்தானே? (அதே கடைக்காரரின் மகன்)

இல்லை தம்பி. காசு கட்டிக் கேட்டால்தான் எடுப்பார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பற்றி ஒரு கட்டடம் முழுதாகப் போனது. பேக்கப்பை வேறு இடத்தில் வைக்காத பல வாடிக்கையாளர்களுக்கு டேட்டா திரும்பக் கிடைக்கவில்லை. ஃபிரான்ஸ் டேட்டா சென்டரும் ஜங்ஷன் டிராயரும் ஒரே தப்பைத்தான் செய்தன.

கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே என்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதுதான் சிங்க். ரேன்சம்வேர் என்ற, பணம் பறிக்கும் வைரஸ் வந்து ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைலும் சமர்த்தாக மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்புகளைச் சில வாரமாவது வைத்திருக்கிற ஏற்பாடு தனியாக வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய ஃபைலைத் திரும்ப இறக்கித் திறந்தும் பாருங்கள்.

எங்கள் பக்கம் நெட் அடிக்கடி போகும். காலை நாலு மணிக்கு ஏலம் நடக்கும்போது பில் நின்றால் என்ன செய்வது? (பாவூர்சத்திரம், காய்கறி கமிஷன் கடை)

பில் போடும் வேலையைக் கடை கம்ப்யூட்டரிலேயே வையுங்கள். நெட் இருக்கும்போது தானே மேலே ஏற்றிக்கொள்ளும் சாஃப்ட்வேர்கள் உண்டு. தக்காளி காத்திருக்காது.

டாலியை கிளவுடில் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். என்ன கேட்க வேண்டும்? (அம்பாசமுத்திரம், அரிசி மில்)

முதலில் கேட்க வேண்டியது, கணக்கு யார் பெயரில் இருக்கும் என்பது. அட்மின் மெயில், டொமைன் (இணைய முகவரி), பில் எல்லாம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் விற்றவரோடு சண்டை போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் லாகின் ஆகவில்லை. சாவி அவர் கையில் என்றால் குடோனும் அவருடையதுதான். விலகினால் டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கதவு. நிறையப் பேர் வாடகை சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்கும் வசதி) இணையம் முழுவதற்கும் திறந்து வைத்துவிட்டு, மில் பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ரேன்சம்வேர்க்காரர்கள் ராத்திரி பகலாகத் தட்டிப் பார்க்கும் கதவே அதுதான். விபிஎன் (அனுமதி உள்ளவர்களுக்கு மட்டுமான தனிப் பாதை) வழியாக மட்டும் நுழைவு, ஓடிபி கட்டாயம். இந்த இரண்டும் இல்லையென்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாதம் எவ்வளவு ஆகும் தம்பி? (கல்லிடைக்குறிச்சி, அப்பளம் கம்பெனி நடத்தும் அக்கா)

அக்கா, உங்களுக்கு சர்வரே வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா கட்டும் மெயில், பில்லிங் சேவைகள் போதும்.

சர்வர் எடுப்பவர்களுக்கு மணிக்கணக்கு. மாதத்துக்கு 730 மணி நேரம். கடை 26 நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 312 மணிதான். ராத்திரி தானாக அணைய வைத்தால் சர்வர் வாடகை பாதிக்கும் கீழே வரும். டிஸ்க் வாடகை மட்டும் அணைத்தாலும் ஓடும். பில்லுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவைத்தால் அதை இன்புட் கிரெடிட்டாக, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். செலவு இந்த அளவைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று முதல் நாளே அலாரம் வைத்துவிடுங்கள். சோதனைக்கு என்று ஒன்றை ஓடவிட்டு இரண்டு மாதம் மறந்தவன் நான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கணக்கை வெளியே வைக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? (பாளையங்கோட்டை, ஆடிட்டர் ஆபீஸ்)

சாருக்குத் தெரியாததில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும். முன்பு அவ்வப்போது என்று இருந்தது, 2022 ஆகஸ்டில் தினமும் என்று மாற்றினார்கள். சிங்கப்பூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகும் முன் இதை யோசிக்கவும். ஜிஎஸ்டி ஆவணங்களை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். இது தனி முதலாளிகளுக்கும் உண்டு.

ஸ்கேன் படங்கள் 500 ஜிபி இருக்கின்றன. ஒரே ராத்திரியில் ஏற்றிவிடலாமா? (வண்ணார்பேட்டை, ஸ்கேன் சென்டர்)

உங்கள் அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றீர்கள். அந்த வேகம் குறையாமல் கிடைத்தாலே 55 மணி நேரம். சனிக்கிழமை மாலை தொடங்கினால் திங்கள் நள்ளிரவு தாண்டிவிடும். ராத்திரிகளில் மட்டும் துண்டு துண்டாக ஏற்றுங்கள். ஏற்றும் முன்பே என்கிரிப்ட் செய்துவிடுங்கள் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டுவது), அதெல்லாம் நோயாளிகளின் அந்தரங்கம். கிளவுட்காரர் கட்டடத்தைக் காப்பார், யாருக்கு லாகின் கொடுத்தீர்கள் என்பது உங்கள் பாடு. போன மாதம் வேலையை விட்ட பையனின் லாகின் இன்னும் உயிரோடு இருக்கிறதா, பாருங்கள்.

எல்லாம் மேலே போனபின் பழைய சர்வரை எடைக்குப் போடலாமா? (மேலப்பாளையம், மொத்த வியாபாரம்)

ஆறு மாதம் ஒரு ஓரத்தில் இருக்கட்டும், தரையில் மட்டும் வேண்டாம். அப்புறம் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு மீதியைப் போடுங்கள். டிஸ்கை என்ன செய்வது என்றால், நான்கு இடத்தில் டிரில் போடச் சொல்லுவேன். இரண்டாவதாகக் கேட்ட ஹார்டுவேர் அண்ணாச்சி கடையிலேயே மெஷின் இருக்கிறது.