வாசகர் கேள்வி: வெளுக்கும் பவளம்

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் புதிதாக விட்ட பவளம் மூன்றே நாளில் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. மீன்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. எங்கே தவறு?

பதில்: முதல் சந்தேகம் விளக்கின் மேல்தான். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. மங்கல் வெளிச்சத்தில் இருந்ததை எடுத்துவந்து உச்சிப் பாறையில் வைத்தால், அந்தப் பாசியை அது வெளியே தள்ளிவிடும். வெளுத்தாலும் சதை உரியாமல் இருந்தால் உயிர் இருக்கிறது. உடனே மணல் மட்டத்துக்கு இறக்குங்கள். விளக்கைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். பம்பின் வீச்சு நேரே அடிக்கக் கூடாது.

நீரில் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25–26 டிகிரி, காரத்தன்மை 8–9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கட்டும். காரத்தன்மை ஒரே நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஆடினால் பவளம் தாங்காது. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்கிப் பெருமைப்படுவோர் உண்டு. பவளம்தான் பட்டினி கிடக்கும். 5–10 பிபிஎம் நல்லது.

இனி வாங்கும்போது பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பவளத்தைப் பூச்சி நீக்கும் குளியல் மருந்தில் புட்டியில் சொன்ன நேரம் முக்கி அலசுங்கள். மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் சுருளாக முட்டை ஏதாவது ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டி, முடிந்தால் கட்டையையே மாற்றுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. கையுறை கட்டாயம்: சில சோவாந்திட் (பவளத்துக்கு உறவான மெல்லுடல் உயிரி) வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு.