கணக்கு வராத பையனுக்கு மெக்கானிக் வேலையா?

அன்புள்ள சார்,

மேல்நிலை வகுப்பில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். "கணக்கு வராத பசங்களையெல்லாம் உங்க வகுப்புல போடுறேன், கைத்தொழிலாவது கத்துக்கட்டும்" என்கிறார் தலைமையாசிரியர். பழைய இன்ஜின் ஒன்றைக் கழற்றி மாட்ட வைக்கிறேன், பையன்களும் ஆசையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்கு நிற்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. வண்டிகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கிறேன், கூடுதலாக எதைச் சொல்லித்தரலாம்?

ஒரு தொழிற்கல்வி ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணக்கு வராத பையனை உங்கள் வகுப்புக்கு அனுப்புவதில் தப்பில்லை, அங்கே போனால் கணக்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதுதான் தப்பு.

என் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார், பி0171 என்று ஒரு கோளாறு எண் வந்தது, ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார். ஒரே வாரத்தில் மறுபடி விளக்கு, மறுபடி ஒரு சென்சார், இரண்டுக்கும் பணம் கொடுத்தது நான். அந்தக் கோளாறு எண் சொல்வது பெட்ரோலுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகம் என்பதை மட்டும்தான் (எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்), எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதே இல்லை. அப்புறம் இன்னொருவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எண்ணை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தார், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் எகிறியிருந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்ததும் இறங்கிவிட்டது, உடனே இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் காற்று கசிகிறது என்று சொல்லி விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸைக் காட்டினார். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடக்கூட மொத்தக் காற்று கூடி அந்தப் பங்கு சுருங்கிவிடும். இது விகிதக் கணக்கு சார், நடுநிலைப் பள்ளிக் கணக்கு.

ஓம் விதியையும் இப்படித்தான் நடத்த வேண்டும். எர்த் வயர் துருப்பிடித்து 0.01 ஓம் மின்தடை கூடியிருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தால் அது தெரியவே தெரியாது. ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அங்கேயே 1.5 வோல்ட் காணாமல் போகும், ஸ்டார்ட்டர் முக்கி முனகும், அளக்கத் தெரியாதவன் நல்ல பேட்டரியைத் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டுவான். வண்டியைக் கிராங்க் செய்யச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பார்க்கிற பையன் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். பக்க இணைப்பு எதற்கு என்று கேட்டால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர்களைக் காட்டுங்கள்: இரு முனையிலும் 120 ஓம் மின்தடை, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 வர வேண்டும், 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

கழற்றி மாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, கை பழக அது வேண்டும், போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சையும் சேர்த்துப் பழக்குங்கள். மின்சார வண்டியில் மட்டும் அந்தத் துணிச்சல் ஆகாது. ஆரஞ்சு நிற கேபிளில் ஓடுவது சுமார் 400 வோல்ட், சில வண்டிகளில் 800. முறையான பயிற்சியும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம்.

கோளாறு கண்டுபிடிக்கப் பழக்குவதற்குப் பழைய இன்ஜின் போதாது, ஓடுகிற வண்டி ஒன்றைத் தேடுங்கள். வாரம் ஒரு கோளாறை நீங்களே ஒளித்துவையுங்கள், ஒரு ஃபியூஸ், லூசான ஒரு கனெக்டர், கழன்ற ஒரு ஹோஸ். எங்கே அளந்தேன், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று மூன்று வரி எழுதிக்காட்டாமல் யாருக்கும் ஸ்பேர் பார்ட் தராதீர்கள். முதல் மாதம் உங்களைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

அப்புறம் ஒன்று, கடிதம் முழுக்க 'பையன்கள்' என்றே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருஷம் சேர்க்கையின்போது பெண் பிள்ளைகளையும் கேட்டுப்பாருங்கள்.