சிங்கப்பூர் மற்ற நாடுகளோடு போடும் நீடித்த வளர்ச்சி ஒப்பந்தங்களால் உண்மையில் யாருக்காவது பயன் உண்டா, அல்லது எல்லாம் கைகுலுக்கிப் படம் எடுப்பதோடு சரியா?

படம் எடுப்பதோடு முடிந்தவையும் உண்டு, அறுபது வருஷம் தாண்டி ஓடுபவையும் உண்டு. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒப்பந்தம் நின்றுபோனால் யாருக்கு வலிக்கும்?

நான் உட்லண்ட்ஸ்வாசி. சனிக்கிழமை ஜோகூர் பாருவுக்குப் போகும் பஸ் கடற்பாலத்தில் நகராமல் நிற்கும்போது ஓரமாக எட்டிப் பாருங்கள். பருத்த தண்ணீர்க் குழாய்கள் சாலையோடு கூடவே வரும். 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுக்கலாம், 2061 வரை. சுத்திகரிக்காத தண்ணீர் 1,000 கேலனுக்கு 3 மலேசிய சென். சுத்திகரித்ததில் ஒரு பங்கை 50 சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விற்கிறோம். "மூணு காசுக்கு வாங்கி எங்களிடமே விற்கிறார்கள்" என்று அங்கே கோபம். "சுத்திகரிக்கும் செலவே 50 சென்னைவிட அதிகம்" என்று இங்கே பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எத்தனை பிரதமர்கள் மாறி எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் குழாய் மட்டும் மூடப்படவில்லை. அங்கே குழாயில் வருவதும் ஓரளவு நாம் சுத்திகரித்த தண்ணீர்தானே. 1990இல் இன்னோர் ஒப்பந்தம் போட்டு, மலேசிய மண்ணில் லிங்கியு நீர்த்தேக்கத்தை சிங்கப்பூர் தன் செலவில் கட்டியது. கூடவே 2003இல், கழிவுநீரையே சுத்திகரித்துத் தயாரிக்கும் புதுநீரும் வந்தது. 2061க்குப் பிறகு கையேந்தி நிற்க முடியாதல்லவா!

புகைமூட்டம் இதற்கு நேர்மாறு. எல்லை தாண்டிய புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிப்படுத்தியது 2014இல்தான். இடையில் 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ அளவு 401ஐத் தொட்டது. முகக்கவசத்துக்குக் கடை கடையாய் அலைந்தவர்களுக்கு மறந்திருக்காது. வாய்க்கால் வெட்டிக் காயவிட்ட கரிச்சதுப்பு மண்ணில் தீ பிடித்தால் அது அடியிலேயே வாரக்கணக்கில் கனியும். தீ எரிந்த இந்தோனேசியாவின் ரியாவ் மக்கள் நம்மைவிட மோசமாக மூச்சுத் திணறினார்கள். ஆனால் தோட்டத்துக்கு நிலம் திருத்தத் தீ வைப்பதுதான் மலிவான வழி, தீ வைத்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பிறகு எங்கே நிற்கும்?

மின்சாரத்தில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் வரை தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வரத் தொடங்கியது. புதிதாகக் கம்பி இழுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த இணைப்புகள்தான். அளவு சின்னதுதான், ஆனால் வழியில் இருக்கும் நாடுகளுக்கும் கம்பிக் கூலி கிடைக்கிறது. நின்றால் நான்கு வீட்டிலும் கணக்கு இடிக்கும்.

வெளியுறவு அமைச்சு 1992 முதல் நடத்தும் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தைச் சிலர் விளம்பரம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1960இல் ஐ.நா. குழுவோடு வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் 1984 வரை நமக்கு ஆலோசகராக இருந்தார். அன்று நாம் வாங்கிக்கொண்டதை இன்று மற்ற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சியாகத் திருப்பிக் கொடுக்கிறோம்.

எனக்குச் சந்தேகம் இருப்பது கார்பன் கிரெடிட் ஒப்பந்தங்களில். கார்பன் கிரெடிட் என்பது, வேறோர் இடத்தில் கரிம உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று. பாப்புவா நியூ கினி (2023 டிசம்பர்), கானா என்று வரிசையாகக் கையெழுத்தாகின்றன. கரிம வரி கட்டும் நிறுவனம், வரிக்குரிய உமிழ்வில் 5% வரை அங்கே வாங்கிய கிரெடிட்டைக் காட்டி ஈடுகட்டலாம். விற்ற நாடு அதே குறைப்பைத் தன் கணக்கிலும் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற விதி நல்ல விதி. ஆனால் அங்கே காடு நிஜமாகவே நின்றதா என்று யார் போய்ப் பார்ப்பது? வாங்குபவருக்கும் விற்பவருக்கும் "ஆமாம், நின்றது" என்று சொல்வதில்தான் லாபம். அந்த 5% வரம்பை உயர்த்தச் சொல்லி நிறுவனங்கள் கேட்டால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.