முக நரம்பு வலிக்கு மூளை அறுவை சிகிச்சை என்றால் என்ன? முன்னும் பின்னும் எப்படி இருக்க வேண்டும்?

கன்னம், தாடை, பல் பக்கம் திடீரென மின்னலாய் வெட்டும் வலிதான் முக்கிளை நரம்பு வலி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கடற்காற்று கன்னத்தில் பட்டாலே போதும், டீக்கோப்பையை வைத்துவிட்டு அப்படியே உறைந்துபோவார்.

பெரும்பாலும், மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டருகே ஒரு ரத்தக்குழாய் அந்த நரம்பின்மேல் துடித்துத் துடித்து அதன் உறையைத் தேய்த்துவிடுகிறது. இரும்புக் கேட்டில் உரசி ரப்பர் தேய்ந்த கரண்ட் ஒயர் மாதிரி. அறுவை சிகிச்சையில் காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளையிட்டு, ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள்.

முன்னதாக எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம் சில நாள் மருத்துவமனை, சில வாரம் வீட்டில் ஓய்வு. தலைவலி, கழுத்துப் பிடிப்பு, கிறுகிறுப்பு இருக்கலாம். கனம் தூக்கக் கூடாது. இடையில் தைப்பூசம் வந்தால் காவடியை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும். காய்ச்சல் வந்தாலோ, மூக்கிலோ காயத்திலோ தண்ணீராகக் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலி போய்விட்டது என்று இந்த வலிக்குத் தரும் கார்பமசெபின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

பலரும் பயப்படுவதுபோல் இதில் மூளையை வெட்டுவதில்லை, அந்த நரம்பையும் அறுப்பதில்லை.