கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், ஈ.பி. பில்லை எடுங்கள்

கேள்வி: மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். டேட்டா அனலிஸ்ட் ஆகப் போகிறேன் என்கிறாள். பவர் பிஐ கோர்ஸில் சேர்த்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தரவை கிராஃபாக்கிக் காட்டும் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பை விண்டோஸ் கணினியில் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்பது பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். எந்தக் கேள்விக்கு எந்த கிராஃப், வரைந்ததைப் பார்த்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் நாளாகும். அதற்கு வீட்டிலேயே சரக்கு இருக்கிறது.

மூன்று வருட மின்கட்டண விவரத்தை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் என்றால் 18 வரிகள். எக்ஸெலில் தேதி, யூனிட், ரூபாய் என்று அவளையே ஏற்றச் சொல்லுங்கள். தேதி கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் வரிசைப்படுத்தினால் மாதங்கள் தாறுமாறாகும்.

முதலில் தேதிக்கு எதிராக யூனிட்டை லைன் சார்ட்டாகப் போடட்டும். ஏ.சி. ஓடும் வீடென்றால் கோடை தனியாகத் தெரியும். அடுத்தது ஸ்கேட்டர், அதாவது ஒவ்வொரு பில்லையும் ஒரு புள்ளியாக வைப்பது: கிடை அச்சில் யூனிட், செங்குத்து அச்சில் ரூபாய். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறும். அதனால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காமல் போகப் போக நிமிரும். 500ஐத் தாண்டிய பில் இருந்தால் அங்கே ஒரு துள்ளலே தெரியும். கீழ்ப்படியில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடுவதுதான் காரணம். ஒரே அளவு யூனிட்டுக்கு இரண்டு தொகை வருகிறதா? நடுவில் கட்டணம் ஏறியிருக்கும். வருடத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் குட்டு வெளிப்படும். ‘சராசரி பில் இவ்வளவு’ என்கிற ஒற்றை எண்ணில் இதில் ஒன்றும் தெரியாது.

ஸ்கேட்டர் போட வேண்டிய இடத்தில் லைன் சார்ட் போடுவது பலரும் செய்யும் தப்பு. எக்ஸெலின் லைன் சார்ட் கிடை அச்சு எண்களை வெறும் பெயர்களாகவே பார்க்கும். 120க்கும் 140க்கும் நடுவே எவ்வளவு அகலமோ, 140க்கும் 480க்கும் நடுவேயும் அவ்வளவுதான் விடும். வளைவு பொய்யாகிவிடும்.

இதற்குப் பிறகு புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை வரையட்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே அவை இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு (எக்ஸும் ஒய்யும் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு) சுமார் 0.82, நான்கிலும் இதே கணக்கு. வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், இன்னொன்று வளைவு. மூன்றாவது நேர்கோடு, ஒரு புள்ளி மட்டும் எகிறி நிற்கும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, தள்ளி நிற்கும் ஒற்றைப் புள்ளிதான் அந்த 0.82ஐயே உண்டாக்குகிறது. பி.காம். புள்ளியியல் தாளில் கெழுவைக் கணக்கிட்டுவிட்டு நகர்ந்துவிடும் பிள்ளைகளுக்கு இது நல்ல அதிர்ச்சி வைத்தியம்.

பார் சார்ட்டின் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 50, 52 என்ற இரண்டு பார்களை 48இலிருந்து வரைந்தால் இரண்டாவது இரட்டிப்பு உயரமாகிவிடும். பை சார்ட் மேல் பிள்ளைகளுக்கு ஒரு மோகம் உண்டு. ஐந்தாறு துண்டுக்கு மேல் போனால் எது பெரிது என்று கண்ணுக்கே தெரியாது, பார் போதும்.

இப்படி மூன்று கிராஃப், ஒவ்வொன்றின் கீழும் அது காட்டுவதைச் சொல்லும் இரண்டு வரி. இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டை விட இது பேசும். கிராஃபை இணையத்தில் வெளியிடும் தளமான டேப்லோ பப்ளிக்கில் இலவசமாக ஏற்றலாம். ஆனால் அங்கே ஏற்றியது ஊரார் கண்ணிலும் படும். மின் இணைப்பு எண்ணையும் வீட்டு முகவரியையும் முன்னாலேயே நீக்கிவிடச் சொல்லுங்கள்.